செங்கோட்டை – புனலூர் வழி ஜியோகேஷிங்: டீக்கடைக்காரரிடம் சொல்லலாமா, கூடாதா?

குண்டாறு (செங்கோட்டை) எழுதியது:

பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் போன ஞாயிற்றுக்கிழமை கூடினோமே, அங்கே பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடர்கிறேன். அன்று வராதவர்களும் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி இதுதான். பெட்டி ஒளித்து வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிறது, பூக்கட்டுகிற அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லலாமா? வெளியாள் கண்ணில் படாமல் எடுத்து, கையெழுத்துப் போட்டு, படாமலே திரும்ப வைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம். நம்ம ஊருக்கு அது சரிவராது என்பது என் கட்சி. சொல்லிவிடுவதுதான் பெட்டிக்குப் பாதுகாப்பு, நமக்கும் மரியாதை.

புளியரையிலோ ஆரியங்காவிலோ ரோட்டோரம் ஒரு சின்னப் பாலத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். ஒருவர் வந்து "யாரைத் தேடுறீங்க?" என்பார். அடுத்தவர் "வண்டி ரிப்பேரா?" என்பார். இன்னொருவர், இடம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி சென்ட் விலையே சொல்ல ஆரம்பித்துவிடுவார். இவர்கள் யாரும் வம்புக்கு வருகிறவர்கள் இல்லை. வெளியூர் ஆள் வழி தெரியாமல் நிற்கிறார், ஒரு வார்த்தை கேட்போம் என்கிற நல்ல குணம். அவர்களிடம் "சும்மாதான்" என்று மழுப்பிவிட்டுப் புதருக்குள் கையை விட்டால் அப்போதுதான் சந்தேகமே வரும்.

ஆரியங்காவு பக்கம் நான் வைத்த பெட்டியைப் பற்றி அங்கே டீக்கடை வைத்திருக்கும் சேட்டனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். லாக் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பின்னால் ரோட்டு வேலைக்கு ஜேசிபி வந்தபோது எனக்குத் தகவலே தெரியாது. பெட்டியை அவரே எடுத்துக் கடைக்குள் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் போன் பண்ணினார். ஒளித்தே வைத்திருந்தால் அது மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

---

தென்காசி_புதியவள் எழுதியது:

வணக்கம். தோழி ஒருத்தி சொல்லி இந்தப் பக்கம் வந்தேன். பெட்டி, லாக் புத்தகம் என்கிறீர்கள். புதையல் வேட்டையா? உள்ளே பணம் இருக்குமா? யாராவது முதலிலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

வாங்க தங்கச்சி. பணமெல்லாம் கிடையாது. ஒருவர் ஓரிடத்தில் சின்னப் பெட்டியை ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில், அதுதான் லாக் புத்தகம், பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. பெரிய பெட்டியாக இருந்தால் உள்ளே பொம்மை, நாணயம், சாவிக்கொத்து மாதிரி ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும்.

இது பிறந்த கதையை என் வகுப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். முன்பெல்லாம் அமெரிக்க அரசு பொதுமக்களுக்குப் போகும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் முதல் தேதி நள்ளிரவு வாக்கில் அதை நிறுத்தினார்கள். கருவி காட்டும் இடம் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாகிவிட்டது. உடனே மே 3-ம் தேதி டேவ் உல்மர் என்பவர், எவ்வளவு துல்லியம் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் போட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் இருந்தன. மூன்றே நாளுக்குள் மைக் டீக் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். அதே செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஒரு வலைத்தளம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை 75 பெட்டிகள். இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல்.

ஜிபிஎஸ் இல்லாத காலத்திலும் இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1854-ல் இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில், நடந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டுப் போக வழிகாட்டி ஒருவர் ஒரு பாட்டிலை வைத்தார். ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவர் போய், முன்னால் வந்தவரின் எழுத்தைப் பார்க்கிற ஆசை அப்போதே மனிதருக்கு இருந்திருக்கிறது.

டீக்கடைக் கேள்விக்கு என் பதிலை அப்புறம் எழுதுகிறேன். பரிட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது.

---

இடமண்_77 எழுதியது:

குண்டாறு அண்ணாச்சி, உங்கள் சேட்டன் நல்லவர். எல்லா டீக்கடையும் அப்படி இருக்குமா?

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. டீக்கடையில் ஒருவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொன்ன மாதிரி. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. கருவி காட்டும் தூரம் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் பெட்டி கண்ணில் படாது. ரப்பர் தோட்டத்துக்குள்ளோ பாறைக்குப் பக்கத்திலோ நின்றால் வானம் பாதிதான் தெரியும், அம்புக்குறி இங்கும் அங்கும் ஆடும். ஒரு கட்டத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு, "நான் ஒளித்திருந்தால் எங்கே வைத்திருப்பேன்?" என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். கல்லடுக்கில் ஒரு கல் மட்டும் பாசி பிடிக்காமல் இருக்கும். வேருக்கடியில் சருகு இயல்பாக விழாமல் யாரோ அள்ளி வைத்த மாதிரி குவிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற அந்த நொடிக்காகத்தான் நான் இத்தனை தூரம் வருகிறேன். "மோனே, அதா அவிடெ" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கை காட்டினால் எனக்கு என்ன மிச்சம்?

---

தேயிலைத்துளிர் (மூணாறு) எழுதியது:

இடமண் தம்பி சொன்ன அந்த நொடி எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. ஒரு பெண் தனியாக ரோட்டோரத்தில் குனிந்து நிமிர்ந்து எதையோ தேடினால், உதவி செய்யக் கேட்கிறவர்கள் மட்டும் வருவதில்லை.

ஆரம்பத்தில் எங்கே போனாலும் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். இப்போது நானே போகிறேன். போனதும் பக்கத்துக் கடையில் ஒரு கட்டன் சாயா வாங்கி, அந்த அக்காவிடம் "இந்த மாதிரி ஒரு விளையாட்டு, பத்து நிமிஷம் அந்த மரத்தடியில் தேடுவேன், பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுகிறேன். பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை, என்ன செய்கிறேன் என்பதை மட்டும்தான் சொல்வது. அதற்கப்புறம் அந்த அக்காவின் கண் என் மேல் இருக்கும். இது இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கு எனக்குக் கிடைத்தே இருக்காது.

இன்னொன்று. மறையூரில் ஒரு பாட்டி நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ஜெர்மன் எழுத்து, அதற்குக் கீழே மலையாளம், அதற்குக் கீழே பென்சிலில் தமிழ். யாரோ ஒருவர் ஒரு இலையை ஒட்டி வைத்திருந்தார். "இவங்க எல்லாம் நம்ம ஊருக்கு வந்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன். அவரும் பேரன் கையைப் பிடித்துத் தன் பெயரை எழுத வைத்தார். அந்தப் பக்கத்தை விட எனக்கு வேறு எந்தக் கண்டுபிடிப்பும் பெரிதில்லை.

---

குண்டாறு எழுதியது:

துளிர் அக்கா, நீங்கள் பிரித்துச் சொன்னது நல்ல பிரிவு. இடத்தைச் சொல்வது வேறு, விஷயத்தைச் சொல்வது வேறு.

அப்புறம், பெட்டியின் மேலேயும் எழுதி வைக்க வேண்டும். 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு கடைக்கு வெளியே ஒருவர் சின்னப் பெட்டியை எடுத்து வைப்பதைப் பார்த்தவர்கள் பயந்து போலீசைக் கூப்பிட, கடைசியில் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். வெறும் விளையாட்டுப் பெட்டி! நாம் இருப்பது இரண்டு மாநில எல்லை, செக்போஸ்ட் பக்கத்திலேயே. அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரியான டப்பா, மேலே தமிழிலும் மலையாளத்திலும் "இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை" என்று ஒரு சீட்டு, கூடவே வைத்தவரைத் தொடர்புகொள்ள ஒரு வழி. ரயில்வே இடம், அணைக்கட்டு, கோவில் வாசல் வேண்டவே வேண்டாம். முல்லைப் பெரியாறு பக்கம் பெட்டி என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

---

தென்காசி_புதியவள் எழுதியது:

பாட்டி கதையைப் படித்துவிட்டு வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எனக்கும் ஒரு பெட்டி வைக்க ஆசை வந்துவிட்டது. வீட்டில் பெருங்காய டப்பா நிறைய இருக்கிறது, இறுக்கமாக மூடும். அது போதுமா?

---

தேயிலைத்துளிர் எழுதியது:

பெருங்காய டப்பா மட்டும் வேண்டாம்மா. எத்தனை முறை கழுவினாலும் வாசனை போகாது. உணவு வாசனை இருந்தால் குரங்கு, அணில், எறும்பு எல்லாம் வரும். முதல் வாளியில் பீன்ஸ் டின் இருந்தது என்று டீச்சர் சொன்னாரே, இன்றைய விதிப்படி உணவுப் பொருளே உள்ளே வைக்கக்கூடாது.

மழைதான் நம்ம பக்கத்தில் முதல் எதிரி. ஜூனில் தென்மேற்குப் பருவம் பிடித்தால், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். பழைய பிலிம் டப்பாவில் தண்ணீர் இறங்கும். நான்கு பக்கமும் கொக்கி போட்டு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பா நன்றாக நிற்கும். சின்னதாக வேண்டும் என்றால் ப்ரீஃபார்ம் கிடைக்கிறதா பாருங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலாக ஊதுவதற்கு முந்தைய குட்டிக் குழாய் அது. கெட்டியான பிளாஸ்டிக், திருகு மூடி, சொட்டுத் தண்ணீர் இறங்காது. நோட்டைச் சுருட்டி ஜிப் கவரில் போட்டு உள்ளே விடுங்கள். பேனா வேண்டாம், ஈரத் தாளில் எழுதாது. துண்டுப் பென்சில் வையுங்கள். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் போடலாம். மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நம்ம ஊரில் அந்தப் பிரச்சினை வரும் நாள் வந்தால் நான் இனிப்பு வாங்கித் தருகிறேன்.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

தாள் திருத்தி முடிந்தது.

டீக்கடை விஷயத்தில், பெட்டி வைத்தவருக்கும் தேடி வந்தவருக்கும் ஒரே விதி வேண்டாம் என்று நினைக்கிறேன். வைத்தவர் பக்கத்தில் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் இடத்தையும் சொல்லி வைக்கட்டும், அவர் காவல். தேடி வந்தவர் அடுத்தவர் பெட்டியின் இடத்தை யாரிடமும் காட்டிக்கொடுக்கக் கூடாது, கேட்டால் விளையாட்டை மட்டும் விளக்கட்டும். காவல் இருப்பவரும் தானாகக் கை காட்டக்கூடாது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். இடமண் தம்பியின் அந்த நொடியும் அவரிடமே இருக்கும்.

காட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்மலையைச் சுற்றி செந்துருணி வனவிலங்கு சரணாலயம். அங்கேயே வளர்கிற செங்குறிஞ்சி மரத்தின் பெயரைத் தாங்கிய காடு. அனுமதியில்லாமல் உள்ளே காலே வைக்கக்கூடாது, பெட்டியா வைப்பது? மறையூர் முனியறைகள் என்கிற பழங்காலக் கல்திட்டைகளும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான வருஷத்துக் கற்கள், அவற்றின் இடுக்கில் பிளாஸ்டிக் டப்பாவைச் செருக எனக்கு மனசு வராது. இந்த மாதிரி இடங்களுக்கு எர்த்கேஷ் இருக்கிறது. 2004-லிருந்து அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து நடக்கும் வகை. பெட்டியே கிடையாது. அந்த இடத்து மண்ணையும் பாறையையும் பார்த்துத் தெரிந்துகொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒன்று எழுதலாம் என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றால் ஆடி மாசத்தில் அந்தக் காற்று குடையைப் பிடுங்கும். இத்தனை நீள மலைத்தொடரில் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு அகலமான வாசல் என்று பிள்ளைகள் கேட்காத வருஷம் இல்லை.

---

இடமண்_77 எழுதியது:

டீச்சர் சொன்ன ஏற்பாடு எனக்குச் சம்மதம். காவலாள் சத்தியமாகக் கை காட்டக்கூடாது, அது மட்டும் உறுதி.

பெட்டி இல்லாத விளையாட்டு என்றதும் என் பெயரில் இருக்கும் 77-ஐப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1996-ல் அலெக்ஸ் ஜாரெட் என்பவர் ஒரு வேலை தொடங்கினார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்ணில் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் யாராவது நேரில் போய் நான்கு திசையிலும் படம் எடுத்துப் போட வேண்டும். ஜியோகேஷிங்கை விட நான்கு வயது மூத்தது. வரைபடத்தில் 77 டிகிரி கிழக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கிலிருந்து வாருங்கள். 9 டிகிரி வடக்கு எங்கள் பக்கம் விழுகிறது, புனலூரிலிருந்து தென்மலை போகும் வழியில். ஏறக்குறைய 111 கிலோமீட்டர் வடக்கே போனால் 10 டிகிரி, அது அடிமாலிக்குப் பக்கத்தில், துளிர் அக்கா பேட்டை. இன்னும் அதே தூரம் போனால் 11 டிகிரி, கோயம்புத்தூருக்குள்ளேயே, சிங்காநல்லூர் – ராமநாதபுரம் வட்டாரம். டீச்சருக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

ஒரே கோட்டில் மூன்று புள்ளி, மூன்றிலும் நம்ம ஆள். ஒரே நாளில் மூன்று பேரும் அவரவர் புள்ளிக்குப் போய்ப் படம் எடுத்து, சாயங்காலம் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டால் என்ன? தனியார் தோட்டத்துக்குள் விழுந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான். கிளம்பும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம்தான் வராது.

---

தேயிலைத்துளிர் எழுதியது:

நான் தயார்! அடிமாலியில் அத்தை வீடு இருக்கிறது. ஏலத்தோட்டமாக இருந்தால் அத்தை மூலமாகவே அனுமதி கேட்டுவிடலாம்.

படம் எடுத்த பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விடாமல், அடுத்த ஞாயிறு நேரில் கூட வேண்டும். பிரானூரில் அன்று நடந்தது எனக்கு இன்னும் மனசிலேயே இருக்கிறது. லாக் புத்தகத்தில் கையெழுத்தாக மட்டும் பார்த்துப் பழகிய ஆட்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்து சாய்வாக, கடைசியில் ஒரு சின்ன மீன் படத்தோடு ஒரு பதிவு இருக்கும், யாரோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எதிரே உட்கார்ந்து சால்னா ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் பில் தாளின் பின்னால் அதே மீனை வரைந்தார். நீங்களா அது என்று கத்தியேவிட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி போன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இதில் இறங்கியவர். அவரும் நானும் வயதிலோ வேலையிலோ ஊரிலோ சந்தித்துக்கொள்ள ஒரு வழியும் கிடையாது. இப்போது வாரம் ஒரு முறை போனில் பேசுகிறோம், மழை எப்படி, எந்தப் பெட்டி நனைந்தது என்று.

---

குண்டாறு எழுதியது:

அந்தத் தபால்காரர் பார்டரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டீர்களா அக்கா? 1956 நவம்பருக்கு முன்னால் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலம். சென்னை மாகாண எல்லை பிரானூரில்தான். எல்லை மேற்கே போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் பார்டர் என்றே நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு பேசியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அடுத்த கூட்டம் புனலூரில் வைப்போம். கல்லடை ஆற்றின் மேலே 1877-ல் கட்டிய தொங்குபாலம். சங்கிலிகளைத் தாங்கும் அந்தக் கல் தூண்களைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால் பாலத்தில் பெட்டி கிடையாது. பல இடம் சுற்றிக் கடைசியில் பெட்டிக்கு வரும் மல்டி வகையில், பாலத்தை முதல் நிலையாக வைத்து, அங்கே பார்த்த ஆண்டை வைத்து அடுத்த இடத்தின் எண்களைக் கண்டுபிடிக்கிற மாதிரி செய்யலாம். கழுதுருட்டி ரயில் பாலத்தில் கண்களை எண்ணச் சொல்லலாமா என்று இடமண் அன்று கேட்டார். பதிமூணு கண் பாலம் என்று பெயரே விடையைச் சொல்லிவிடுகிறதே!

செங்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வாருங்கள். பகவதிபுரம் தாண்டி மலைக்குள் குகைகளில் நுழைந்து இறங்குகிற அந்தப் பாதைக்காகவே வரலாம். ஜியோகேஷிங் வலைத்தளத்தில் கூட்டத்தை இரண்டு வாரம் முன்னதாகவே பதிய வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் நடக்க வேண்டும். நாம் கூடினால் அரை நாள் போகும், அது பிரச்சினை இல்லை. முடிந்ததும் ஒரு சாக்குப் பையோடு ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கிவிட்டுக் கிளம்பலாம். 2002-லிருந்து உலகம் முழுக்க ஜியோகேஷிங்காரர்கள் செய்துவருகிற வேலை, நாமும் செய்வோம்.

---

தென்காசி_புதியவள் எழுதியது:

நானும் வருகிறேன். அம்மாவுக்கும் ஆசையாக இருக்கிறது, கூட்டி வரலாமா? அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியாது.

---

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

தாராளமாகக் கூட்டி வாங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண் போட்டிருக்கும், கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம், நடக்கிற வழி எவ்வளவு கஷ்டம் என்று, 1 முதல் 5 வரை. வழிக்கு 1 போட்டிருந்தால் சக்கர நாற்காலியிலேயே போகலாம் என்று அர்த்தம். அம்மாவுக்காக அப்படி ஒன்றைப் புனலூர் டவுனுக்குள் இடமண் தம்பி வைத்துத் தருவார். காவலுக்கு யாரைப் போடுவது என்றும் அவரே தீர்மானிக்கட்டும்.

---

இடமண்_77 எழுதியது:

வைத்துவிடுகிறேன் டீச்சர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நாற்காலி ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், நாளைக்கே போய்ப் பேசுகிறேன். தங்கச்சி, அம்மா படிக்கிற அளவுக்குக் குறிப்பைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி இங்கே போடுகிறேன். பென்சில் மட்டும் நீங்கள் கொண்டுவாங்க.